60 டன் பிளாண்டுக்கு 9 மீட்டர் சென்சார் பேவர் வாங்கலாமா?

2025 பிப்ரவரி 4, வாசகர் கேள்வி

அண்ணே, கரூர் பக்கம் சின்ன காண்ட்ராக்டர் நான். மணிக்கு 60 டன் தார்க் கலவை தரும் டிரம் மிக்ஸ் பிளாண்ட், அந்தக் கலவையை ரோட்டில் பரப்பும் பழைய மெக்கானிக்கல் பேவர், மூணு சக்கர ரோலர் ஒன்று, சின்ன டாண்டம் (முன்னும் பின்னும் இரும்பு டிரம் உள்ள ரோலர்) ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் 3.75 மீட்டர் சாலைகள், எப்போதாவது 5.5 மீட்டர். வெளிநாட்டு பிராண்டு, 9 மீட்டர் அகலம் வரை போடும் சென்சார் பேவர், சக்கரத்துக்குப் பதில் செயினில் ஓடும் வண்டி, பழசு, நல்ல விலைக்கு வருகிறது. பேவரை மாற்றினால் ரோட்டில் அலை அலையாக வருவது நின்றுவிடும் என்கிறார் மேஸ்திரி. வாங்கலாமா? எந்த பிராண்டை நம்பலாம்?

பிப்ரவரி 4, இரவு

வாங்காதீங்க தம்பி. தடுப்பது பிராண்டு இல்லை, உங்கள் பிளாண்ட். நாளைக்குக் கணக்குப் போட்டு எழுதுகிறேன்.

பிப்ரவரி 5

கணக்கு இதுதான். 3.75 மீட்டர் அகலம், அழுத்திய பிறகு 40 மி.மீ. பிசி (பிட்டுமினஸ் கான்கிரீட், மேலடுக்குத் தார்க் கலவை). ஒரு மீட்டர் நீளத்துக்கு 3.75 × 0.04 = 0.15 கன மீட்டர், அடர்த்தி 2.35 என்று வைத்தால் 0.35 டன் கலவை. உங்கள் பிளாண்ட் முழுசாக 60 டன் கொடுத்தாலும் மணிக்கு 170 மீட்டர்தான் ஓடும், அதாவது நிமிஷத்துக்கு 3 மீட்டருக்கும் கீழே. 60 டன் பிளாண்ட் நாள் முழுக்க 60 டன் கொடுக்காது என்பது உங்களுக்கே தெரியும். 45 என்று வைத்தால் நிமிஷத்துக்கு 2 மீட்டர். அந்த 9 மீட்டர் வண்டி மணிக்குப் பல நூறு டன் தள்ளுவதற்காகச் செய்தது. நீங்கள் அதற்குக் கால் வயிறுகூட நிரப்ப முடியாது.

அடுத்தது டிப்பர். பிளாண்ட் 25 கிலோமீட்டர் தள்ளி என்றால் லோடு ஏற்ற 10 நிமிஷம், போக 50, காத்திருந்து கொட்ட 20, திரும்ப 40. ஆக ஒரு சுற்றுக்கு 2 மணி நேரம். மணிக்கு 60 டன் வீதம் 2 மணி நேரத்துக்கு 120 டன், 10 சக்கர டிப்பருக்கு 16 டன் என்றால் 8 வண்டி வேண்டும். பல சைட்டில் நான் பார்ப்பது 5 வண்டி. மிச்சம் 3 வண்டி இல்லாத நேரமெல்லாம் பேவர் நின்றுகொண்டிருக்கிறது. உங்கள் அலைக்கு முக்கால்வாசிக் காரணம் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பேவர் வாங்கும் காசில் பாதியை வைத்து, வேலை நாட்களில் 3 டிப்பரைக் கூடுதலாக வாடகைக்கு எடுத்து ஒரு சீசன் ஓட்டிப் பாருங்கள். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை, ஏனென்றால் டிப்பர் வாடகைக்கு மாலை போட்டுப் பூஜை செய்ய முடியாது.

பிப்ரவரி 6

"பெரிய பேவரை மெதுவாக ஓட்டினால் போச்சு, இதில் என்ன பிரச்சினை?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. மெதுவாக ஓடும், அதில் தப்பில்லை. ஆனால் மெதுவாக ஓடுவது வேறு, நின்று நின்று ஓடுவது வேறு.

பேவரின் பின்னால் இருக்கும் ஸ்க்ரீட், அதாவது கலவையை மட்டம் செய்யும் கனமான பகுதி, கலவை மேல் மிதக்கிறது. எந்த உயரத்தில் மிதக்கும் என்பதை நாலைந்து விஷயங்கள் தீர்மானிக்கின்றன: வண்டியின் வேகம், ஸ்க்ரீடுக்கு முன்னால் ஆகர் (கலவையை இரு பக்கமும் பரப்பும் திருகு) பக்கத்தில் குவிந்திருக்கும் கலவையின் அளவு, கலவையின் சூடு, ஸ்க்ரீட் எடை, டோ ஆர்ம் (ஸ்க்ரீடை இழுத்துச் செல்லும் கை) பிடித்திருக்கும் கோணம். வேகமும் குவியலும் மாறாமல் இருந்தால் ஸ்க்ரீட் ஒரே மட்டத்தில் போகும். வண்டி நின்றால் ஸ்க்ரீட் கொஞ்சம் அமுங்குகிறது, முன்னால் நிற்கும் கலவை ஆறி விறைக்கிறது. மறுபடி கிளப்பும்போது அந்த விறைத்த கலவை மேல் ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு நிறுத்தமும் ரோட்டில் ஒரு மேடாகப் பதிந்துவிடும். மேஸ்திரி அலை என்று சொல்வதில் பெரும்பகுதி இதுதான், மீதியில் முக்கியமானது டிப்பர்காரர் பின் சக்கரத்தைப் பேவர் உருளையில் இடித்து நிறுத்துவது. டிப்பர் ஒரு அடி முன்னாலேயே நின்று நியூட்ரல் போட வேண்டும், பேவர் போய் அதைத் தொட்டுத் தள்ள வேண்டும்.

அப்புறம் அந்தச் செயின் வண்டியின் எடை 20 டன்னுக்குப் பக்கம். ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போக லோபெட் டிரெய்லர் வேண்டும். ஒரு கிலோமீட்டர், ஒன்றரை கிலோமீட்டர் என்று சிதறிக் கிடக்கும் ஒன்றியச் சாலைகளுக்கு ஒவ்வொரு தடவையும் லோபெட் கூப்பிட்டால் லாபம் அதிலேயே போய்விடும். சக்கர வண்டி தானாக ஓடி வந்துவிடும்.

பிப்ரவரி 9

ஸ்க்ரீடைப் பற்றி இன்னும் ஒன்று.

காலையில் முதல் லோடு வருவதற்கு முன் ஸ்க்ரீட் பிளேட்டைக் கேஸிலோ கரண்டிலோ 20–30 நிமிஷமாவது சூடாக்க வேண்டும். காயாத தோசைக்கல்லில் மாவு ஊற்றினால் பிய்ந்துகொண்டு வருவது போலத்தான், குளிர்ந்த பிளேட்டில் கலவை ஒட்டி கார்பெட் (போட்ட தார் அடுக்கு) கிழிந்து கிழிந்து வரும். கேஸ் மிச்சம் பிடிக்கிறேன் என்று இதைத் தவிர்ப்பவர்கள் அதிகம். முதல் 20 மீட்டரைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இன்னொரு கெட்ட பழக்கம், ஸ்க்ரீட்மேன் நிமிஷத்துக்கு ஒரு தரம் தடிமன் திருகைத் திருப்புவது. டோ ஆர்ம் நீளத்தைப் போல நாலைந்து மடங்கு தூரம் ஓடிய பிறகுதான் ஒரு திருப்பின் பலன் முழுதாகத் தெரியும். அதற்குள் இன்னொரு திருப்பு, அப்புறம் எதிர்த் திருப்பு. இதற்கும் அலை என்றுதான் பெயர், பழி மட்டும் இயந்திரத்தின் மேல். நல்ல ஸ்க்ரீட்மேன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பார்க்கிற ஜேஇ (இளநிலைப் பொறியாளர்) அவரைச் சும்மா நிற்கிறார் என்று நினைப்பார்.

பிப்ரவரி 15

பிராண்டு கேள்விக்கு வருகிறேன், தனிச் செய்தியில் பலர் கேட்டுவிட்டீர்கள்.

பெயர்ப் பலகையைப் பார்த்து முடிவு செய்ய முடியாத காலம் இது. ஏபிஜி என்ற ஜெர்மன் பேவர் இங்கர்சால் ராண்ட் கைக்குப் போனது, 2007-இல் அந்தத் தொழிலை வால்வோ வாங்கியது, 2024-இல் வால்வோ அதை அம்மானுக்கு விற்பதாக அறிவித்தது. டைனாபேக் 2017-இல் அட்லஸ் காப்கோவிடமிருந்து ஃபாயாத்துக்குப் போனது. அதே 2017-இல் வோகலே, ஹாம் எல்லாம் அடங்கிய விர்ட்கன் குழுமத்தை ஜான் டியர் வாங்கியது. குஜராத் மெஹசானாவின் அப்போலோ 2013-இல் அம்மானோடு சேர்ந்தது. இவை எல்லாமே நல்ல இயந்திரம் செய்யத் தெரிந்தவர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நீங்கள் கேட்க வேண்டியது: இந்த மாடலுக்கு, இந்த வருஷத்து வண்டிக்கு, இன்று பாகம் கொடுப்பது யார், எந்த ஊர்க் கிடங்கில் இருக்கிறது? கையில் வண்டி நம்பரை வைத்துக்கொண்டு டீலரிடம் நாலு பாகத்துக்கு விலை கேளுங்கள்: ஸ்க்ரீட் பிளேட், கன்வேயர் செயின், ஆகர் பிளேடு, வண்டியை நகர்த்தும் டிராவல் பம்ப். நாலுக்கும் விலையும் தேதியும் எழுத்தில் வந்தால் அந்த வண்டியைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கலாம். "வரவழைச்சுத் தரலாம் சார்" என்று மட்டும் பதில் வந்தால் விட்டுவிடுங்கள்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் நல்ல பேர் வாங்கிய பேவர் ஒன்றின் ஹைட்ராலிக் பம்ப் ஏப்ரல் மாசத்தில் போனது. டீலர் (பெயர் வேண்டாம்) பம்ப் வருகிறது வருகிறது என்றே சொல்லி, கடைசியில் சீசன் முடிந்த பிறகுதான் வந்தது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிக்க வேண்டிய சாலையை வாடகை மெக்கானிக்கல் பேவரை வைத்துத்தான் முடித்தோம். பேவரில் எந்தக் குறையும் இல்லை, அருமையான வண்டி, ஆனால் தேவைப்பட்ட அன்றைக்கு அது வெறும் இரும்பு.

பிப்ரவரி 16

எஞ்சினைச் சொல்ல விட்டுப்போனது. கிர்லோஸ்கர், கம்மின்ஸ், அசோக் லேலண்ட், நம்ம செம்பியம் சிம்ப்சன், இவற்றில் எது இருந்தாலும் தாலுகா ஊர் மெக்கானிக் கழற்றி மாட்டிவிடுவார். வேறு எஞ்சின் என்றால் முதலில் மெக்கானிக்கைத் தேடுங்கள், பிறகு வண்டியைப் பாருங்கள்.

புதுசு வாங்குகிறவர்களுக்கு: சக்கரத்தில் ஓடும் கட்டுமான இயந்திரங்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் சிஇவி ஸ்டேஜ்-5 புகை விதி வந்துவிட்டது. விலை கூடும், சென்சார்கள் கூடும். கலப்பட டீசலை இனி அது பொறுத்துக்கொள்ளாது, பேரல் டீசல் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

மார்ச் 2

இதுவரை பேவர் பேவர் என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம். எனக்கு உண்மையில் சொல்ல வேண்டியது ரோலரைப் பற்றித்தான். ஒரு காண்ட்ராக்டரிடம் காசு இருப்பது ஒரே ஒரு நல்ல இயந்திரத்துக்குத்தான் என்றால் நான் ரோலர் என்பேன்.

அலை இருந்தால் வண்டி குலுங்கும், ஜனங்கள் திட்டுவார்கள், ஆனால் அழுத்தம் போதவில்லை என்றால் சாலையே போய்விடும். கலவைக்குள் காற்று இடைவெளி நிறைய நின்றால் முதல் மழையிலேயே தண்ணீர் இறங்கி, ஜல்லியையும் தாரையும் பிரித்து, அடுத்த வருஷமே குழி. இவ்வளவு தார் செலவு செய்து, இவ்வளவு பேர் வெயிலில் நின்று போட்ட சாலை ஒரே மழையில் உரிந்து நிற்பதைப் பார்ப்பது எனக்கு வயிற்றெரிச்சல்.

அழுத்துவதற்கு இருக்கும் நேரம் கொஞ்சம்தான். விஜி-30 ரகத் தாருக்கு மத்திய சாலை அமைச்சக விவரக்குறிப்பு சொல்வது: பிளாண்டில் கலவை 150–165 டிகிரி, போடும்போது குறைந்தது 140, உருட்டும்போது 90-க்குக் கீழே போகக் கூடாது. 140-லிருந்து 90-க்கு இறங்குவதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். 50 மி.மீ. அடுக்குக்குக் கிடைக்கும் நேரத்தில் பாதி 25 மி.மீ. அடுக்குக்குக் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள், பாதிக்கும் குறைவு. மெல்லிசு அத்தனை சீக்கிரம் ஆறும்.

அதனால் முதல் டாண்டம் பேவரை ஒட்டியே போக வேண்டும். அதன் பின்னால் டயர் ரோலர், 12–15 டன், 9 சக்கரம், டயரில் சதுர செ.மீ.க்கு 5.6 கிலோ அழுத்தம். கடைசியில் 6–8 டன் டாண்டம் அதிர்வு இல்லாமல் தடம் அழிக்க. வேகம் மணிக்கு 5 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. 3.75 மீட்டருக்கு 1.7 மீட்டர் டிரம் என்றால் மூணு பட்டை, பட்டைக்கு ஆறு ஓட்டம் என்று வைத்தால், பேவர் நிமிஷத்துக்கு 3 மீட்டர் போகும்போது ரோலர் மணிக்கு மூணேகால் கிலோமீட்டர் உருள வேண்டும். திரும்புவது, தண்ணீர் பிடிப்பது எல்லாம் சேர்த்தால் ஒரு ரோலருக்கு அது சரியாக இருக்கும். பேவர் 6 மீட்டர் வேகத்தில் போனால் அந்த ஒரு ரோலர் பின்தங்கி, ஆறிப்போன கார்பெட்டைத் தடவிக்கொடுத்துவிட்டு வரும். பெரிய பேவர் வாங்காதீர்கள் என்றதற்கு இதுவும் ஒரு காரணம், முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

உங்கள் பட்டியலில் டயர் ரோலர் இல்லை தம்பி. முதலில் அதை வாங்குங்கள்.

மார்ச் 3

ரோலர் டிரம்மில் கலவை ஒட்டுகிறது என்று டீசல் தடவுகிறார்களே, சரியா என்று ஒருவர். கூடாது. டீசல் தாரைக் கரைக்கும், அந்த இடம் பிறகு உரியும். தண்ணீர்த் தெளிப்பான் வேலை செய்தாலே ஒட்டாது. சேலம், தர்மபுரிப் பக்கம் போர் தண்ணீரில் உப்புப் படிந்து நாசில் அடைக்கும், வாரம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், டேங்க் வாயில் வடிகட்டி போடுங்கள். ரோலர் வாங்கப் போகிறவர்கள் எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள், தண்ணீர் பைப்பைத் திறந்து பார்ப்பதில்லை. டயர் ரோலருக்குத் தண்ணீர் குறைவாகத்தான் வேண்டும், டயர் சூடேறிவிட்டால் ஒட்டுவது தானாகக் குறையும்.

சூடான கார்பெட் மேல் ரோலரை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவது பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

மார்ச் 19

குன்னூர்க்காரர் ஒருவர் மலைக்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். மலை வேறு உலகம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 50 கிலோமீட்டர், லோடு வண்டி வளைவு வளைவாக ஏறி வருவதற்குள் மேல்பரப்பு ஆறிவிடும். தார்ப்பாய் இல்லாத வண்டியை நான் பிளாண்ட் கேட்டைத் தாண்ட விடமாட்டேன். குளிரும் காற்றும் சேர்ந்தால் 25 மி.மீ. கார்பெட் கண் முன்னாலேயே இறுகும். அங்கே உங்களுக்கு வேண்டிய கருவி கைக்கடக்கமான ஒரு தெர்மாமீட்டர். மேல்பரப்புக்கு இன்ஃப்ராரெட் துப்பாக்கி, உள்ளே குத்திப் பார்க்கக் கம்பித் தெர்மாமீட்டர். லட்சக்கணக்கில் பேவர் வாங்குகிறவர்கள் இந்தச் சின்னச் சாமானை வாங்குவதில்லை.

இன்னொன்று, கொண்டை ஊசி வளைவில் ஸ்க்ரீடின் வெளிப்பக்கம் வேகமாகவும் உள்பக்கம் மெதுவாகவும் போகும், வெளிப்பக்க ஆகருக்குக் கலவை அதிகம் வேண்டும். இரண்டு பக்கத்து ஆகரையும் தனித்தனியாக ஓட்ட முடிகிற வண்டியாகப் பாருங்கள்.

ஏப்ரல் 6

என்னைச் சென்சாருக்கு எதிரி என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். இல்லவே இல்லை. கீழ் அடுக்கு மேடு பள்ளமாக இருக்கும் இடத்தில் சென்சார் அருமையான சாமான், ரோட்டில் சறுக்கி வரும் நீளமான ஸ்கீயோ இழுத்துக் கட்டிய கம்பியோ பார்த்துக்கொண்டே டோ ஆர்மைத் தூக்கி இறக்கும். நாலு வழிச் சாலை, பைபாஸ் வேலைக்கு அது இல்லாமல் யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் பழைய சாலையை ஒட்டி மேலடுக்கு மட்டும் போடும்போது, சென்சார் காலைப் பக்கத்துப் பழைய ரோட்டில் வைத்து ஓட்டினால் அந்தப் பழைய ரோட்டின் பள்ளத்தையே உங்கள் புது ரோட்டில் நகல் எடுத்துக் கொடுக்கும். எதைப் பார்த்து ஓட வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பவர் மனுஷர்தான். ஒயர் அறுந்தால் சரி செய்ய ஆள் இல்லாமல் சென்சாரைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டுக் கையாலேயே ஓட்டும் சென்சார் பேவர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது.

ஏப்ரல் 20

பழைய பேவர் பார்க்கப் போனால் என்ன பார்க்க வேண்டும் என்று கரூர் தம்பி கேட்டிருக்கிறார். பெயிண்டைப் பார்க்காதீர்கள். ஓடிய நேரம் காட்டும் மணி மீட்டரையும் நம்பாதீர்கள், மாற்றிவிட முடியும். ஸ்க்ரீடுக்கு அடியில் படுத்துப் பாருங்கள்: பிளேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, நடுவில் ஒரு தடிமனும் ஓரத்தில் ஒரு தடிமனுமாக இருக்கிறதா, நேர்கோல் வைத்தால் வளைந்திருக்கிறதா. கலவையைக் குத்தி அழுத்தும் டாம்பரின் விளிம்பு மழுங்கியிருந்தால் அழுத்தமே கிடைக்காது. கன்வேயர் செயினின் தொய்வு, அதன் அடித்தகட்டில் ஓட்டை, ஆகர் பிளேடின் மிச்ச உயரம். ஸ்க்ரீட் நீட்டும் குழாயைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருந்தால் இரண்டு துண்டுக்கும் நடுவில் ரோட்டில் கோடு விழும்.

அப்புறம் மதிய வெயிலில் ஒரு மணி நேரம் ஓட விடச் சொல்லுங்கள். ஹைட்ராலிக் எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது தேய்ந்த பம்ப்கூட நன்றாகத்தான் இழுக்கும், சூடேறிய பிறகுதான் உண்மை தெரியும். விற்பவர் காலை ஆறு மணிக்கே வரச் சொன்னால், நீங்கள் மதியம் இரண்டு மணிக்குப் போங்கள்.

மே 11

கோடை மழை ஆரம்பித்துவிட்டது, அதனால் பிளாண்ட் பக்கம் கொஞ்சம். 60 டன் என்று தகட்டில் போட்டிருப்பது குறிப்பிட்ட ஈரப்பதத்தில் இருக்கும் ஜல்லிக்கு. மழையில் நனைந்த ஜல்லித் தூளைப் போட்டால் பர்னரின் சூட்டில் பெரும்பகுதி தண்ணீரை ஆவியாக்கவே போகும், உற்பத்தி விழும், அல்லது ஈரத்தோடு கலவை வரும். 6 மி.மீ. ஜல்லிக்கும் தூளுக்கும் மேலே ஒரு தகரக் கூரை போடுவது நீங்கள் செய்யக்கூடிய மலிவான இயந்திர முதலீடு.

டிரம்மா பேட்சா என்று கேட்டவருக்கு: பேட்ச் பிளாண்ட் சூடான ஜல்லியை மறுபடி சலித்து, எடை போட்டு, தொகுதி தொகுதியாகக் கலக்கிறது. டிரம்மில் அந்த இரண்டாவது சலிப்பு இல்லை, குளிர்ந்த ஜல்லி எந்த அளவில் உள்ளே போகிறதோ அதுதான் வெளியே வரும். நெடுஞ்சாலை வேலைக்குப் போகிற எண்ணம் இருந்தால் பேட்சுக்குக் காசு சேருங்கள். டிரம்மை வைத்துக்கொண்டே நல்ல கலவை தர வேண்டுமென்றால் குளிர்ந்த ஜல்லியை உள்ளே அனுப்பும் கோல்டு பின் ஃபீடரை ஜல்லி மாறும்போதெல்லாம் அளந்து சரி பண்ணுங்கள், குவாரி மாறினாலும்தான்.

மே 12

பிளாஸ்டிக் சாலை வேலை வந்தால் என்ன இயந்திரம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவனின் முறை அது, 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். துண்டாக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லி மேல் தூவிப் பூச்சாகப் பிடிக்க வைத்து, அதன் பிறகு தார் சேர்ப்பது. பேவர், ரோலர் எதுவும் மாற வேண்டாம். சீராகத் தூவும் ஏற்பாடு மட்டும் பிளாண்டில் வேண்டும். ஆள் வைத்துக் கூடையால் கொட்டினால் ஒரு லோடில் நிறைய, அடுத்த லோடில் ஒன்றுமில்லை என்று ஆகும்.

மே 25

கரூர் தம்பி எழுதியிருக்கிறார்: 9 மீட்டரை விட்டுவிட்டாராம். டயர் ரோலர் ஒன்று வாங்கிவிட்டார், டிப்பர் இரண்டைக் கூட்டியதில் அலை பாதி குறைந்ததாகச் சொல்கிறார். கேட்க ரொம்பச் சந்தோஷம். இப்போது ஈரோட்டில் சக்கர வகை, 2.5 மீட்டரில் ஆரம்பித்து 5 மீட்டர் வரை ஹைட்ராலிக்கில் நீளும் சென்சார் பேவர் ஒன்று பார்த்திருக்கிறார், எஞ்சின் கம்மின்ஸ்.

இது உங்கள் வேலைக்குச் சரியான அளவு தம்பி. 3.75-க்கு இணைப்பு எதுவும் மாட்டாமல் ஓடும், 5.5-க்கு மட்டும் பக்கத்துக்கு ஒரு சின்னத் துண்டு மாட்ட வேண்டும், அந்தத் துண்டுகள் வண்டியோடு வருகின்றனவா என்று கேளுங்கள், பழைய வண்டிகளில் அதுதான் முதலில் காணாமல் போகும். பாகம் நாலுக்கும் விலை எழுத்தில் வாங்கிவிட்டீர்களா? ஸ்க்ரீட் பிளேட்டை இடது, நடு, வலது மூன்று இடத்தில் அளந்து எண்ணைப் போடுங்கள், செயின் போட்டோவும் வேண்டும். அதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.